ஆன் அட்வாட்டர் எங்க ஊர்த் தலைவர் இல்லையா? தமிழ்ச்சங்க செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

சங்கத்து செயற்குழு அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

ஆண்டுவிழா பேச்சுப்போட்டிக்கு என் வகுப்புல இருந்து போன ஒரு பேச்சை நீங்க ரிஜெக்ட் பண்ணியிருக்கீங்க. நீங்களே குடுத்த தலைப்பு "எங்கள் ஊர்த் தலைவர்". ஆறாம் வகுப்புப் பொண்ணு, நம்ம நார்த் கரோலினா டர்ஹம்ல கறுப்பின மக்களுக்காகப் போராடின ஆன் அட்வாட்டர் பத்தி எழுதியிருந்தா. "தமிழ்த் தலைவர்கள் மட்டுமே ஏற்கப்படும்"னு ஒரே வரில பதில் வந்திருக்கு. அதே மெயில்ல கீழயே இன்னொரு முடிவு, டர்ஹம்ல இருக்கற கியர்ங்கற கறுப்பின மக்களோட பழைய கல்லறைத் தோட்டத்துல ஒரு சனிக்கிழமை பிள்ளைங்களோட போய் சுத்தம் பண்ணலாம்னு ஆசிரியர்கள் நாங்க குடுத்த ப்ரொப்போசலும் "தற்சமயம் ஏற்புடையதல்ல". ரெண்டையும் சேர்த்துப் படிச்சப்புறம் சும்மா இருக்க முடியல, அதனால தான் தனி மெயிலா போடாம எல்லாரும் படிக்கற மாதிரி எழுதறேன்.

முதல்ல விதிமுறை. நீங்க அனுப்பின பேப்பர்ல என்ன இருந்துச்சு? தமிழ்ல பேசணும், நேரத்துக்குள்ள முடிக்கணும், பேப்பர் பார்த்துப் படிக்கக் கூடாது. அவ்வளவு தான். தலைவர் தமிழரா இருக்கணும்னு எங்கயும் இல்ல. அந்தப் பொண்ணு பொறந்தது டர்ஹம்ல ஒரு ஆஸ்பத்திரில, வளர்ந்தது பக்கத்து மாரிஸ்வில்ல. "எங்கள் ஊர்"னா அவ எதைச் சொல்லணும்? லீவுக்குப் போய் கொசுக்கடி வாங்கிட்டு வர்ற தாத்தா வீட்டையா? அவ தலைப்பைச் சரியாப் படிச்சா. நாம தான் நம்ம தலைப்பையே படிக்கல.

ஆன் அட்வாட்டர் யாருன்னு செயற்குழுல எத்தனை பேருக்குத் தெரியும்னு கேட்டு உங்கள சங்கடப்படுத்த விரும்பல, நானே சொல்லிடறேன். 1935-ல இதே நார்த் கரோலினால ஒரு குத்தகை விவசாயி குடும்பத்துல பொறந்தவங்க, டர்ஹமுக்கு வந்து வீட்டு வேலை பார்த்துப் பிள்ளைங்கள வளர்த்தவங்க. ஒழுகற வீட்டுக்கு வாடகை வாங்கற ஓனர்கள கேள்வி கேக்கறதுல ஆரம்பிச்சு ஊர்ல இருக்கற ஏழை கறுப்பின மக்களுக்கு எல்லாம் வீட்டுப் பிரச்சனைன்னா இவங்க தான்னு ஆயிட்டாங்க. 1971-ல பள்ளிக்கூடங்கள்ல வெள்ளைப் பிள்ளைங்களும் கறுப்புப் பிள்ளைங்களும் சேர்ந்து படிக்கறது பத்தி ஊர்ல சண்டை முத்தினப்போ பத்து நாள் பேச்சுவார்த்தைக்கு ரெண்டு பேரைத் தலைமையா போட்டாங்க, ஒண்ணு இவங்க, இன்னொருத்தர் சி.பி. எல்லிஸ், கு க்ளக்ஸ் க்ளான்ங்கற வெள்ளை இனவெறிக் கூட்டத்தோட டர்ஹம் தலைவர். ஒரு கவுன்சில் மீட்டிங்ல எல்லிஸ் பேசினதைக் கேட்டு கத்தியை எடுக்கப் போனவங்க இவங்க, அந்த ஆள் பக்கத்துலயே பத்து நாள் உக்காந்து பேசினாங்க. கடைசி நாள் எல்லிஸ் எல்லாருக்கும் முன்னாடி தன்னோட க்ளான் கார்டைக் கிழிச்சுப் போட்டார். 2005-ல அவர் செத்தப்போ இறுதிச் சடங்குல இவங்க தான் பேசினாங்க.

இத அந்தப் பொண்ணு தமிழ்ல எழுதியிருந்தா. "கிழிச்சுப் போட்டார்"ங்கற இடத்துல கையால செஞ்சு காட்டலாமா மிஸ்னு கேட்டா. எங்க ஸ்கூல்ல இத்தனை வருஷமா பேச்சுப்போட்டி கேட்டுட்டு வர்றேன், எல்லாப் பிள்ளையும் அப்பா அம்மா டைப் பண்ணிக் குடுத்ததை மனப்பாடம் பண்ணி, மூச்சு எங்க விடணும்னு கூட தெரியாம, பாரதி பொறந்த வருஷத்துல ஆரம்பிச்சு செத்த வருஷத்துல முடிச்சிட்டு ஓடிப் போகும். பாரதியைக் குறை சொல்லல, பாரதி பேரைச் சொல்லி நாம பண்றதைத் தான் சொல்றேன். இந்தப் பொண்ணுக்கு தமிழ்ல சொல்றதுக்குன்னு சொந்தமா ஒரு விஷயம் கிடைச்சுது, அதுவும் நாம எல்லாரும் தினம் கார்ல தாண்டிப் போற ஊரைப் பத்தி, அதை நாம வாயை மூடச் சொல்லிட்டோம். தமிழ் வளர்க்கறதுக்கு சங்கம்னா இதை விட வேற என்ன தமிழ் வளரணும்?

கார்ல தாண்டிப் போறதுன்னு சொன்னேன் இல்ல. ட்யூக் ஆஸ்பத்திரிக்கு அப்பாயின்ட்மென்ட்னாலும் சரி, டவுன்டவுன்ல பெரிய தியேட்டர்ல ஷோ பார்க்கப் போனாலும் சரி, 147-ங்கற ஹைவே புடிச்சு தான போறோம். டிராஃபிக் இல்லாத ரோடுன்னு சந்தோஷப்படறோம். அந்த ரோடு ஒரு ஊரை ரெண்டா அறுத்து நடுவுல போட்டது. ஊர் பேர் ஹேட்டை. உள்நாட்டுப் போர் முடிஞ்சு விடுதலையான மக்கள், அடிமைகளே எழுந்து நின்னு உண்டாக்கின ஹைட்டி நாட்டோட பேரை வச்சு உருவாக்கின குடியிருப்பு. சொந்தக் கடை, சொந்த தியேட்டர், ஹோட்டல், ஆஸ்பத்திரி, லைப்ரரி, காலேஜ் எல்லாம் இருந்துச்சு. 1960-கள்ல நகர மேம்பாடுன்னு ஆரம்பிச்சு, புது வீடு கட்டித் தர்றோம் புதுக் கடை கட்டித் தர்றோம்னு சொல்லி, 4000-க்கு மேல குடும்பங்களையும் 500 கடை கண்ணியையும் கிளப்பி விட்டாங்க. ரோடு வந்துச்சு. சொன்னதுல பெரும்பகுதி வரவே இல்ல. வொய்ட் ராக் பேப்டிஸ்ட் சர்ச்சுனு ஒண்ணு, 1960 ஃபிப்ரவரில மார்ட்டின் லூதர் கிங் வந்து பேசின இடம், ஜெயிலை நிரப்பவும் பயப்படாதீங்கன்னு மாணவர்கள்கிட்ட சொன்ன இடம், அந்தக் கட்டிடத்தையும் இடிச்சுட்டாங்க. மிச்சம் நிக்கறதுல முக்கியமானது 1891-ல கட்டின செயின்ட் ஜோசஃப் சர்ச். இப்போ அது ஹேட்டை ஹெரிட்டேஜ் சென்டர். அடுத்த தடவை அந்தப் பக்கம் போனா கோபுர உச்சியைப் பாருங்க, சிலுவை இருக்காது, ஹைட்டி நாட்டு வூடூ சின்னம் ஒண்ணு இரும்புல செஞ்சு வச்சிருக்கும். கலர் கண்ணாடி ஜன்னல் வழியா வெயில் விழற அந்த ஹால்ல உக்காந்து கச்சேரி கேட்டிருக்கேன், நாம வருஷா வருஷம் எடுக்கற ஹைஸ்கூல் ஆடிட்டோரியம் கிட்ட நிக்காது.

ஜான் மெரிக் கதை தெரியுமா? 1859-ல அடிமையா பொறந்தவர். ராலேல ஷா யுனிவர்சிட்டி கட்டிடத்துக்கு செங்கல் சுமந்து கொத்து வேலை பார்த்தார், அப்புறம் ஷூ பாலிஷ், அப்புறம் முடி வெட்டக் கத்துக்கிட்டு 1880-ல டர்ஹம் வந்து சலூன் போட்டார். புகையிலைப் பணக்காரங்க ட்யூக் குடும்பத்துக்கே அவர் தான் முடி வெட்டி விட்டார். 1898-ல டாக்டர் ஏரன் மூர், இன்னும் சிலரோட சேர்ந்து நார்த் கரோலினா மியூச்சுவல்னு இன்சூரன்ஸ் கம்பெனி ஆரம்பிச்சார், அப்புறம் சி.சி. ஸ்பால்டிங் வந்து அதைத் தூக்கி நிறுத்தினார், பல வருஷம் நாட்டுலயே பெரிய கறுப்பின கம்பெனி அது தான். பாரிஷ் ஸ்ட்ரீட்டை பிளாக் வால் ஸ்ட்ரீட்னு சொல்றது இவங்களால தான். (நம்ம ஊர்ல முடி வெட்டற ஒருத்தர் அந்தக் காலத்துல இன்சூரன்ஸ் கம்பெனி ஆரம்பிச்சிருந்தா நம்ம தாத்தாக்கள் அவரை என்ன பண்ணியிருப்பாங்கன்னு கொஞ்சம் யோசிங்க. பதில் எழுத வேண்டாம், யோசிச்சா போதும்.)

அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விஷயம். உள்நாட்டுப் போர்ல எஜமான் பக்கம் விசுவாசமா நின்ன அடிமைகளுக்கு ஒரு நினைவுச் சின்னம் வைக்கலாம்னு ட்யூக் குடும்பத்துல யோசனை இருந்துச்சாம், மெரிக்கும் மூரும் போய் பேசி, அந்தக் காசை ஆஸ்பத்திரிக்குக் குடுங்கன்னு திருப்பி விட்டாங்கன்னு சொல்றாங்க. 1901-ல லிங்கன் ஆஸ்பத்திரி வந்துச்சு. அந்தப் பேர்லயே ஃபேயட்வில் ஸ்ட்ரீட்ல இன்னைக்கும் ஏழைங்களுக்கு ஹெல்த் சென்டர் நடக்குது. மூர் சும்மா இருக்கல, 1913-ல சர்ச் பேஸ்மென்ட்ல லைப்ரரி ஆரம்பிச்சார், அதோட வாரிசா 1940-ல கட்டின ஸ்டான்ஃபோர்ட் வாரன் லைப்ரரி இப்பவும் திறந்து தான் இருக்கு. தலைவர்னா என்னன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்க இதை விட என்ன வேணும்?

இனி கல்லறைத் தோட்டம். மெயில்ல "ஏற்புடையதல்ல"ன்னு மரியாதையா எழுதிட்டீங்க, ஆனா மீட்டிங்ல சொன்னது வேற. "சுடுகாட்டுக்குப் பிள்ளைங்கள கூட்டிட்டுப் போயிட்டு வந்து மறுநாள் எப்படி பொங்கல் வைக்கறது"ன்னு ஒரு பெரியவர் கேட்டார், எல்லாரும் தலையாட்டினீங்க. நான் அங்க போயிருக்கேன், அதனால சொல்றேன். 1877-ல இருந்து 1944 வரைக்கும் 1500-க்கும் மேல கறுப்பின மக்களைப் புதைச்ச இடம் அது. வெள்ளைக்காரங்க மேப்பிள்வுட் கல்லறையை நகராட்சி கவனிச்சுக்கிச்சு, கியரை யாரும் கவனிக்கல, காடா போச்சு. உள்ள போனா மரத்துக்கு நடுவுல அங்கங்க தரை ஆள் நீளத்துக்குப் பள்ளமா இறங்கியிருக்கும், பெட்டி மக்கி மண்ணு உள் வாங்கின இடம். கல்லே இல்லாத குழி தான் அதிகம். கல் இருக்கறதுலயும் பாதி கொடி மூடிக் கிடக்கும், கையால ஒதுக்கினா பேர் வரும், சில கல்லுல எழுத்து கோணலா, சொந்தக்காரங்களே ஆணியால கீறின மாதிரி இருக்கும். செயின்ட் ஜோசஃப் சர்ச்சை உண்டாக்கின எடியன் மார்க்கம் அங்க தான் இருக்கார். உள்ளூர் ஆளுங்க சனிக்கிழமை சனிக்கிழமையா வந்து இலை வாரி, கொடி வெட்டி, பேரைப் பழைய ரெக்கார்டோட ஒத்துப் பார்த்து ஒவ்வொருத்தரா மீட்டு எடுக்கறாங்க. அந்த வேலைல நம்ம பிள்ளைங்க ஒரு நாள் குனிஞ்சு இலை வாரினா தீட்டா? வீட்டுக்கு வந்து தலைக்குக் குளிங்க, சரியாப் போச்சு.

போன வருஷம் நீங்க கீழடி போட்டோ கண்காட்சி வச்சீங்க, நல்லா இருந்துச்சு, நானும் போஸ்டர் ஒட்டினேன். பானை ஓட்டுல "ஆதன்"னு பேர் பார்த்துட்டு ஒரு அப்பா கண் கலங்கி நின்னார். யாரோ சாதாரண ஆள் தன் பேரைக் கீறி வச்சது ரெண்டாயிரம் வருஷம் கழிச்சும் இருக்கேன்னு. அப்படி ஒண்ணு உங்க வீட்டுல இருந்து முக்கால் மணி நேரத்துல இருக்கு, ஸ்டேக்வில். 1860 வாக்குல 30,000 ஏக்கர், 900 அடிமைகள் இருந்த பண்ணை. ஹார்ட்டன் க்ரோவ்னு அடிமைக் குடியிருப்பு 1850-கள்ல கட்டினது இன்னும் நிக்குது. அந்த வீட்டுப் புகைபோக்கி செங்கல்ல விரல் தடம் இருக்கு. ஈர மண்ணா இருக்கும்போது அச்சுல இருந்து எடுத்தவங்களோட விரல். நம்ம விரலை அதுல வச்சா சில தடம் நமக்கே சின்னதா இருக்கு, அப்போ அது எந்த வயசுப் பிள்ளை விரல்? அவங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் குடுக்கவே கூடாதுன்னு சட்டம் போட்டு வச்சிருந்த காலம் அது. உள்ள போக டிக்கெட் கூட கிடையாது. கீழடிக்குக் கலங்கின அதே கண்ணுக்கு இதைக் காட்ட மாட்டோம்னு சொல்றது எந்த ஊர் நியாயம்?

"அது அவங்க வரலாறு, அவங்க பார்த்துப்பாங்க"ன்னு ஒரு அக்கா சொன்னாங்க. இல்ல அக்கா, கணக்கு அப்படி இல்ல. 1946-ல இருந்து இந்தியாவுக்கு அமெரிக்கா வச்சிருந்த குடியேற்றக் கோட்டா வருஷத்துக்கு 100 பேர். அந்தக் கதவு திறந்தது 1965 குடியேற்றச் சட்டத்துல, அது வந்தது கறுப்பின மக்களோட சிவில் ரைட்ஸ் போராட்டம் இந்த நாட்டு மனசாட்சியை உலுக்கி வச்சிருந்த நேரத்துல. 1957-ல டர்ஹம்ல ராயல் ஐஸ்க்ரீம் கடைல வெள்ளைக்காரங்க பக்கம் உக்காந்து எந்திரிக்க மாட்டேன்னு சொன்ன ஏழு பேர், போலீஸ் புடிச்சு ஃபைன் போட்ட ஏழு பேர், அவங்க மாதிரி ஆளுங்க உக்காந்ததால தான் இன்னைக்கு நாம எந்தக் கடைலயும் உக்காந்து ஐஸ்க்ரீம் சாப்பிடறோம். பக்கத்து கேரி ஊர்ல வெங்கடேஸ்வரா கோயிலுக்கு 87 அடி கோபுரம் கட்டி 2022-ல திறந்தப்போ கவர்னரே வந்தார், நாம அதை போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினோம். இந்த மண்ணுல நமக்கு அந்த இடம் கிடைச்சதுக்கு முன்னாடி அடி வாங்கினது யாரு?

அவங்களும் நம்மகிட்ட இருந்து எடுத்துக்கிட்டாங்க, அதுவும் நமக்குத் தெரியாது. டர்ஹம்ல கேரல் ஸ்ட்ரீட்ல தாத்தா கட்டின வீட்டுல வளர்ந்து பின்னாடி சிவில் ரைட்ஸ் வக்கீலான பாலி மர்ரே 1940-லயே வர்ஜீனியால பஸ்ல பின் சீட்டுக்குப் போக மாட்டேன்னு அரெஸ்ட் ஆனாங்க, ரோசா பார்க்ஸுக்கு 15 வருஷம் முன்னாடி. ஜெயில்ல எப்படி நடந்துக்கறதுன்னு அவங்க யோசிச்சது காந்தியோட சத்தியாக்கிரகத்தை வச்சு. அந்த வீடு இப்போ தேசிய சின்னம், 2024-ல மக்கள் பார்க்கத் திறந்தாச்சு, அதே வருஷம் அவங்க முகம் குவார்ட்டர் காசுல வந்துச்சு, உங்க கார் கப் ஹோல்டர்ல கூட கிடக்கலாம். 1960 ஏப்ரல்ல ராலே ஷா யுனிவர்சிட்டில எல்லா பேக்கர்ங்கற போராட்டத் தலைவி மாணவர்களைக் கூட்டி எஸ்.என்.சி.சி.ங்கற மாணவர் போராட்ட அமைப்பை ஆரம்பிச்சப்போ முக்கியமா பேசினவர் ஜேம்ஸ் லாசன், அவர் நாக்பூர்ல காலேஜ்ல மூணு வருஷம் வேலை பார்த்து காந்தி வழியைப் படிச்சுட்டு வந்தவர்.

நம்மகிட்ட இருக்கற பிரச்சனை வரலாறு தெரியாதது மட்டும் இல்லன்னு உங்களுக்கும் தெரியும். யாராவது வீடு வாங்கப் போறேன்னு வாட்ஸ்அப் க்ரூப்ல கேட்டா "டர்ஹமா, அந்த ஏரியா சேஃப் இல்ல, ஸ்கூல் ரேட்டிங் பாருங்க"ன்னு பத்து பேர் குதிப்பாங்க. அந்த "அந்த ஏரியா"க்கு என்ன அர்த்தம்னு எல்லாருக்கும் புரியும், யாரும் சொல்ல மாட்டோம். 2017 ஆகஸ்ட்ல பழைய கோர்ட் வாசல்ல 1924-ல இருந்து நின்ன கான்ஃபெடரேட் (உள்நாட்டுப் போர்ல அடிமை முறைக்காகச் சண்டை போட்ட தெற்குப் பக்கம்) சிப்பாய் சிலையை கூட்டம் இழுத்துக் கீழ தள்ளினப்போ உலகமே டர்ஹமைப் பார்த்துச்சு, நம்ம க்ரூப்ல வந்த மெசேஜ் "டவுன்டவுன் பக்கம் போகாதீங்க". பிள்ளைங்க இதையெல்லாம் கேட்டுட்டு தான் வளருது. அதுல ஒரு பிள்ளை தானா போய் ஆன் அட்வாட்டரைக் கண்டுபுடிச்சு வந்திருக்கு, அதுக்கு நாம மெடல் குடுத்திருக்கணும்.

கேக்கறதை நேரா கேட்டுடறேன். அந்தப் பொண்ணோட பேச்சை போட்டில சேருங்க, தனியா "சிறப்புப் பேச்சு"ன்னு ஓரம் கட்டி இல்ல, மத்த பிள்ளைங்களோட, அதே மார்க் ஷீட்ல. "தமிழ்த் தலைவர்கள் மட்டுமே"ங்கற வரியை எடுத்துடுங்க, எடுக்க மாட்டோம்னா தலைப்பை மாத்திட்டு காரணத்தை எழுத்துல குடுங்க. அவளுக்கு ஒரு மெயில் போடுங்க, பெத்தவங்களுக்கு இல்ல, அவளுக்கு, தமிழ்ல.

ஜனவரி மூணாவது திங்கள் எம்.எல்.கே. டே, அதாவது மார்ட்டின் லூதர் கிங் நாள், பொங்கலை ஒட்டியே வருது. அந்த வாரக் கடைசில ஒரு நாள் கியர் கல்லறைத் தோட்டத்துக்கு சங்கத்துப் பேர்ல போக அனுமதி குடுங்க, வர்றவங்க வரட்டும், தீட்டு பார்க்கறவங்க வர வேண்டாம். கோடைக்குத் தள்ளிப் போடாதீங்க, பாய்சன் ஐவிங்கற அரிப்புக் கொடியும் உண்ணியும் தாங்காது. கை உறை, இலை வாரற ரேக் எல்லாம் ஆசிரியர்கள் நாங்க கொண்டு வர்றோம், சங்கத்துக்கு செலவு இல்ல. அங்க வேலை செய்யற உள்ளூர் ஆளுங்ககிட்ட முன்கூட்டியே கேட்டு, அவங்க சொல்றபடி தான் செய்வோம்.

தமிழ்ப் பள்ளி வருஷாந்திர டூர் இந்தத் தடவை மியூசியம், ட்ராம்போலின் பார்க்னு போகாம ஸ்டேக்வில்லுக்கும் பாலி மர்ரே வீட்டுக்கும் போகட்டும். அடுத்த ஆண்டுவிழாவோ முத்தமிழ் விழாவோ ஏதாவது ஒண்ணை ஹேட்டை ஹெரிட்டேஜ் சென்டர்ல வாடகை குடுத்து நடத்துங்க. எப்படியும் ஹாலுக்குக் குடுக்கற காசு தான, அங்க போகட்டும். மெரிக், மூர், ஸ்பால்டிங், அட்வாட்டர், மர்ரே இவங்களைப் பத்தி பெரிய பிள்ளைங்களை வச்சு தமிழ்ல ஒரு சின்னப் புத்தகம் போட ஆண்டு மலர்ல பத்துப் பக்கம் ஒதுக்குங்க, விளம்பரப் பக்கம் கொஞ்சம் குறைஞ்சா பரவாயில்ல.

இதுல எதுக்கெல்லாம் சரி, எதுக்கு முடியாதுன்னு அடுத்த பொதுக்குழுவுக்கு முன்னாடி எழுத்துல பதில் வேணும். பதில் வரலன்னா பொதுக்குழுல இதே விஷயத்தை அஜெண்டால சேர்க்கச் சொல்லி உறுப்பினர்கள் கையெழுத்தோட வருவேன், நாலு ஆசிரியர்கள் ஏற்கனவே போட்டுக் குடுத்துட்டாங்க.

உங்க தமிழ்ப் பள்ளி ஆறாம் வகுப்பு ஆசிரியை